மதியத்துக்குள் கலைந்துவிடும்

கணவருடைய இடது கையைச் சட்டைக்குள் நுழைக்க முடியவில்லை. அண்ணன் தோளைத் தூக்கிப் பிடித்துக்கொள்ள, அவள் முழங்கையை மெல்ல மடக்கிப் பார்த்தாள். மடங்கவில்லை.

"விடும்மா. முதுகுப் பக்கம் வெட்டிப் போட்டுக்கலாம்."

"புதுச் சட்டைண்ணே."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. அண்ணன் கத்தரிக்கோலைத் தேடப் போனார்.

ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டைக் காணவில்லை. சமவெளி முழுக்க மூடுபனி. இலையுதிர்காலக் கடைசியில் மரங்கள் மொட்டையானதும் காற்றும் நின்றுவிடும், அப்போது வருகிற பனி போக மனசில்லாத விருந்தாளி மாதிரி உட்கார்ந்துகொள்ளும் என்பார் அவர். வானிலை நிலையத்தில் சமவெளிப் பகுதிக்கு முன்னறிவிப்பு எழுதுவது அவர் வேலை. அங்கே அவருக்குப் பட்டப்பெயர் 'ஒருவேளை'. மழை வரும் என்று சொன்னதே கிடையாது. ஒருவேளை வரலாம் என்பார். என்னைக் கட்டிக்கிறீங்களா என்று அவளே வாய்விட்டுக் கேட்டபோதும் "ஒருவேளை" என்றுவிட்டு, அன்று சாயங்காலமே மோதிரத்தோடு வந்து நின்ற மனிதர்.

இன்று காலை நெஞ்சைத் தடவிக்கொண்டு இந்த ஜன்னலோரம்தான் உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க பண்ணுது?"

"மதியத்துக்குள்ள கலைஞ்சிடும்."

பனியைச் சொல்கிறார் என்று நினைத்து அவள் துணி துவைக்கப் போனாள். திரும்பி வந்தபோது தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

எதைச் சொன்னார்? அவள் நெஞ்சைப் பற்றித்தானே கேட்டாள்? ஆனால் அவர் கண் வெளியே அல்லவா இருந்தது?

செய்தி கேட்டதுமே வெளியூரிலிருந்து கிளம்பிவிட்ட மகன், பாதி வழியில் போன் செய்தான்.

"அம்மா, பஸ்ஸ ஓரங்கட்டிட்டாங்க. முன்னால ரோடே தெரியல. பனி எப்ப விலகும்னு அப்பா ஏதாச்சும் சொல்லியிருந்தாரா?"

"மதியத்துக்குள்ள கலைஞ்சிடும்னாரு."

"ஒருவேளைன்னு சொன்னாரா?"

"இல்லப்பா. சொல்லல."

என்ஜின் இரைச்சலுக்கு நடுவே அவன் யாரையோ விசாரிப்பது கேட்டது.

"அப்ப சரிம்மா. ஒரு காய்கறி லாரி கெளம்புது. நான் அதுல ஏறிக்கறேன்."

மதியம் வந்தது. பனி கலையவில்லை. தெருவிளக்கைப் பகலிலேயே போட்டுவிட்டார்கள். வந்தவர்கள் எல்லாரும் வாசலில் நின்று தொண்டையைச் செருமிய பிறகுதான் யாரென்று தெரிந்தது. அவருக்குக் கீழே வேலை பார்த்த பெண்ணும் அப்படித்தான் உள்ளே வந்தாள். தன் கையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்த பெண்ணிடம், சண்டைக்குப் போகிறவளைப் போல அவள் கேட்டாள்:

"மதியத்துக்குள்ள கலைஞ்சிடும்னாரே, ஏன் கலையல?"

அந்தப் பெண் விழித்தாள். "அப்படி யாரு சொன்னாங்கக்கா? இந்த வாரம் பூரா விலகாதுன்னு நேத்து சார்தான் சொன்னாரு. 'ஒருவேளை' போடவா சார்னு கேட்டேன். வேணாம், இது நிச்சயம்னு சிரிச்சாரு."

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். அப்படியானால் காலையில் சொன்னது நெஞ்சைத்தானா? இல்லை, துணி காயாதே என்று அவள் புலம்பிக்கொண்டிருந்ததற்கு ஒரு ஆறுதலா? சட்டென்று லாரியின் ஞாபகம் வந்தது. போனை எடுத்தாள். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி அழைத்தாள். இந்த முறை மணிகூட அடிக்கவில்லை. ஏங்க, எதைத்தான் சொன்னீங்க என்று அவரைப் பார்த்தாள். கேட்டால் பதில் சொல்லிவிடுவார் போலத்தான் இருந்தது முகம்.

அண்ணன் குனிந்தார். "இருட்டறதுக்குள்ள எடுத்துடணும்மா. குழி வெட்டினவங்க காத்துக்கிட்டிருக்காங்க."

"பையன் வரட்டும்ண்ணே."

"எப்ப வருவான்?"

அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்த மாதிரித் தலையை மட்டும் ஆட்டினாள்.

வாசலில் யாரும் செருமவில்லை. முழங்கால் வரை சேறோடு மகன் நேராக உள்ளே வந்துவிட்டான்.

"லாரி ஊருக்கு வெளிய பள்ளத்துல எறங்கிடுச்சும்மா. அங்கேருந்து நடந்தே வந்தேன். ஒண்ணும் ஆகல."

ஆட்கள் நிறைந்த அறையின் சூட்டில் அவன் மூக்குக்கண்ணாடியில் வெள்ளையாக ஆவி படிந்துவிட்டது. ஒன்றும் தெரியாமல் நடு அறையில் நின்றான்.

"அப்பா எங்கம்மா?"

அவள் எழுந்து போய் அவன் கண்ணாடியைக் கழற்றினாள். தன் ஸ்வெட்டர் நுனியால் ஒரு பக்கத்தைத் துடைத்தாள். பிறகு மறுபக்கத்தை. கண்ணாடி தெளிந்துவிட்டது. அவன் கையை நீட்டினான். அவள் கண்ணாடியைக் கொடுக்காமல், அதன்மேல் வாயால் ஊதி மங்கவைத்து, மறுபடியும் துடைக்க ஆரம்பித்தாள்.