கலாஸா?

மோன்சா என்பது ஏதோ இருமல் மருந்தின் பெயர் என்றுதான் கல்யாணமான புதிதில் நாகவள்ளி நினைத்திருந்தாள். விஜயபாஸ்கர் துபாயிலிருந்து பரமக்குடிக்கு லீவில் வந்தால் போனில் பந்தயக் கார் வீடியோவைப் போட்டுவிட்டு, சோறு ஆறுவதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருப்பான்.

"இத்தாலியில இருக்கிற ஊரு. அங்க பழைய ரேஸ் ரோடு ஒண்ணு சுவரு மாதிரி சாஞ்சு நிக்கும். அதுமேலயே கார் ஓட்டியிருக்காங்க" என்பான்.

"ஓட்டட்டும். நீங்க மொதல்ல சாப்பிடுங்க" என்பாள் அவள்.

அந்த மோன்சாவுக்கு இப்போது அவளே வந்துவிட்டாள், அவன் இல்லாமல். துபாய் மிர்திஃபில் அவள் சமையல் வேலை பார்க்கும் அரபி வீட்டின் மகன் மக்தூமுக்குப் பழைய கார் பைத்தியம். பழைய பந்தயக் கார்கள் கூடும் விழாவில் ஓட்டுவதற்காகத் தன் சிவப்புக் காரை விமானத்தில் ஏற்றி அனுப்பியிருந்தான். காரைக் கவனிக்க மெக்கானிக் வைரவன் வந்திருந்தான். வேலைக்காரர்கள் எல்லோரும் அரபியில் அம்மா என்ற அர்த்தத்தில் மாமா என்று கூப்பிடும் வீட்டம்மாவுக்கு வேளைக்கு வேளை சாயா போட நாகவள்ளி. பெரிய இடத்துக்காரர்கள் ஊர் சுற்றக் கிளம்பினால் அடுப்படியையும் கூடவே கூட்டிக்கொண்டு போவார்கள்.

அந்தச் சிவப்புக் காரில்தான் மூன்று வருடத்துக்கு முன் விஜயபாஸ்கர் செத்தான். துபாய் அல் கூஸில் மக்தூமின் ஒர்க்ஷாப்பில் அவன் டிரைவர். காரை வெளியே எடுத்தவன், தெருமுனையில் கிடங்குச் சுவரில் போய் மோதினான். காரைப் பிறகு சரிசெய்துவிட்டார்கள். யாரையும் கேட்காமல் அர்பாப் வண்டியை, அதாவது முதலாளி வண்டியை எடுத்து ரேஸ் விட்டுப் பார்த்தான் என்று தொழிலாளர் கேம்ப் முழுக்கப் பேச்சு. அவன் போனில் வேறு அத்தனை மோன்சா வீடியோக்கள். ஊர் வாய்க்கு வேறென்ன சாட்சி வேண்டும்? பேச்சு பரமக்குடிக்கும் போய்ச் சேர்ந்தது. பள்ளிக்கூடத்தில் மகள் விஜியிடம் எவளோ ஒருத்தி, "உங்கப்பா கார் திருடி ஓட்டித்தானே செத்தாரு" என்று கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து விஜி அப்பா படத்துக்குப் பொட்டு வைப்பதில்லை. புருஷன் போனதைக்கூட நாகவள்ளி ஒருவழியாகத் தாங்கிக்கொண்டாள். இதைத் தாங்க முடியவில்லை. பாவம் பார்த்து அந்த வீட்டில் வேலை கொடுத்தபோது அவள் விமானம் ஏறியதே இதைத் தெரிந்துகொள்ளத்தான். அவன் அப்படிச் செய்தானா, இல்லையா?

செத்தவனிடமே கேட்கலாம் என்றால், அவன் வருகிறானே தவிர பதில் சொல்வதில்லை. வருகிறான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது. மிர்திஃபில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், மதியச் சமையலுக்குக் கறி கிளறிக்கொண்டிருந்தபோது, முதுகுக்குப் பின்னால் அவன் குரல் கேட்டது.

"கலாஸா?"

வளைகுடாவில் இந்த ஒரு அரபிச் சொல்லை வைத்தே காலத்தை ஓட்டிவிடலாம். வேலை முடிந்தாலும் கலாஸ், அரிசி தீர்ந்தாலும் கலாஸ், ஆள் போனாலும் கலாஸ். லீவில் வரும்போது விஜயபாஸ்கர் அதையும் பெட்டியோடு கொண்டு வந்துவிடுவான். அடுப்படியில் எட்டிப் பார்த்து, "கலாஸா?" என்றால் சமையல் ஆயிற்றா என்று அர்த்தம். பசியோடுதான் போயிருக்கிறான் என்று நாகவள்ளி நெஞ்சு கரைந்தாள். ஒரு தட்டில் சோறும் குழம்பும் போட்டு ஜன்னலோரம் வைத்தாள்.

குரல் அடங்கவில்லை. பட்டப்பகலில், கழுத்தில் மூச்சுப் படுகிற தூரத்தில், அதே அவசரத்தோடு கேட்கும். திரும்பினால் யாரும் இருக்கமாட்டார்கள். பெட்ரோல் வாடை மட்டும் கொஞ்ச நேரம் நிற்கும். முதலில் பயந்தாள். பிறகு எரிச்சல்பட்டாள். கேட்காத நாட்களில் மனசு தேடவும் ஆரம்பித்துவிட்டது.

மோன்சாவுக்கு வந்ததும் குரல் கூடவே நடந்தது. பழங்கால ராஜாக்களின் இரும்புக் கிரீடத்தைப் பார்க்க மாமா பெரிய தேவாலயத்துக்குள் போனபோது, கைப்பையோடு பின்னால் போன நாகவள்ளியின் காதுக்குள் கேட்டது. சாயங்காலம் மக்தூம் எல்லோரையும் பூங்காவுக்குள் கூட்டிப்போனான். மரங்களுக்கு நடுவே அந்தப் பழைய ஓடுபாதை, விஜயபாஸ்கர் சொன்னபடியே, சுவர் போலச் சாய்ந்து நின்றது. இப்போது அதில் யாரும் பந்தயம் விடுவதில்லை.

"பாத்தாச்சா? போதுமா ஒங்களுக்கு?" என்று முணுமுணுத்தாள்.

மேலே, ஒரு மனிதன் கால் ஊன்றி நிற்கவே முடியாத சரிவிலிருந்து பதில் வந்தது. "கலாஸா?"

அவள் அங்கிருந்து கிட்டத்தட்ட ஓடினாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் ஃபிளாஸ்கில் சாயா எடுத்துக்கொண்டு கார்கள் நிற்கும் இடத்துக்குப் போனாள். வைரவன் முன்சக்கரத்தின் அருகே குத்தவைத்து எதையோ தொட்டுத் தொட்டு முகர்ந்துகொண்டிருந்தான். ஒரு காலத்தில் விஜயபாஸ்கரை அண்ணே அண்ணே என்று சுற்றி வந்தவன். அவளுக்கு அவன் தம்பி, அவனுக்கு அவள் மதினி. ஆனால் சாவுக்குப் பிறகு அவள் முகத்தை அவன் நேராகப் பார்த்ததில்லை. துக்கத்தில் அப்படி இருக்கிறான் என்று அவளாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் மக்தூம் ஹெல்மெட்டை மாட்டியபடி காரின் அந்தப் பக்கமாக வேகமாக வந்தான். அவன் முறை வந்துவிட்டது.

"வைரவன், பிரேக் கலாஸ்?"

"கலாஸ், அர்பாப்" என்றான் வைரவன், தலையைத் தூக்காமல்.

மக்தூம் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். எஞ்சின் உறுமியதும் வைரவன் அலறியடித்து எழுந்தான். ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை உள்ளே விட்டுச் சாவியைப் பிடுங்கினான்.

"மாஃபி பிரேக், அர்பாப். மாஃபி. பிரேக் கலாஸ், ஃபினிஷ்." மாஃபி என்றால் இல்லை. அவன் விரல்களில் பிரேக் எண்ணெய் வழிந்தது.

வேலை முடிந்தது என்றல்லவா நினைத்தேன் என்று மக்தூம் அரபியும் இந்தியும் கலந்து திட்டினான். ஹெல்மெட்டைக் கழற்றி சீட்டில் எறிந்துவிட்டு, விழாக்காரர்களிடம் சொல்லப் போனான்.

நாகவள்ளி அப்படியே நின்றாள். மக்தூம் கேட்ட அதே நொடியில் அவள் காதோரமும் அந்தக் கேள்வி கேட்டிருந்தது. அதே அவசரம், வண்டியில் ஏறப்போகிறவனின் அவசரம். இத்தனை நாளும் அவன் சோறு கேட்கவில்லை. பிரேக்கைக் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

"தம்பி, அன்னிக்கு அவுக ஒங்கள்ட்ட கேட்டாகளா?"

வைரவன் காரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தான். "கேட்டாக மதினி. பிரேக் வேல முடிஞ்சா வண்டிய ஓட்டிப் பாக்குறது அவுக டூட்டி. பிரேக் கலாஸான்னு கேட்டாக. பைப்பு விட்டுப்போச்சுங்கிற நெனப்புல நானும் கலாஸ்னேன். வேற பைப்பு எடுக்க உள்ள போனேன். சத்தம் கேட்டுத்தான் வெளிய வந்தேன். பழி எம்மேல வந்துருமேன்னு யார்ட்டயும் சொல்லல."

"ரெண்டு பேரும் ஒரே ஊர்த் தண்ணி குடிச்சவக. பிரேக் இல்லன்னு சொல்ல ஒரு வார்த்த வரலையா ஒங்க வாயில?"

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"எல்லாத்துக்கும் அதையே சொல்லிப் பழகிட்டோம் மதினி" என்றான். பிறகு குரல் உடைந்து, "இன்னமும் எங்கிட்ட வந்து கேக்குறாக. சக்கரத்தக் கழட்டுனா போதும், பின்னால வந்து நிக்கிறாக. என்ன பதில் சொல்றதுன்னு தெரியல."

நாகவள்ளிக்கு அவனை அடிக்க வேண்டும் போலிருந்தது. அவனோடு சேர்ந்து உட்கார்ந்து அழ வேண்டும் போலவும் இருந்தது.

"இப்பச் சொல்லுங்க. தமிழ்ல சொல்லுங்க" என்றாள்.

வைரவன் எழுந்து டிரைவர் சீட்டைப் பார்த்தான். மக்தூம் எறிந்த ஹெல்மெட்டைத் தவிர அதில் ஒன்றுமில்லை. "பிரேக் இல்லண்ணே" என்றான். மறுபடி சொன்னான். "வண்டிய எடுக்காதீக. எறங்கிருங்க."

சீட்டின் பழைய தோல், உட்கார்ந்திருந்த ஆள் எழுந்ததைப் போல, மெல்ல உப்பி நிமிர்ந்தது. ஹெல்மெட் உருண்டு கீழே விழுந்தது. இரண்டு பேருமே அதைப் பார்த்தார்கள். அவள் காதுக்குப் பின்னால் எந்தக் குரலும் இல்லை. நாகவள்ளி முந்தானையை வாயில் வைத்து அழுதாள், மூன்று வருடத்து அழுகையை.

அழுது ஓய்ந்ததும் பரமக்குடிக்குப் போன் போட்டாள். விஜிதான் எடுத்தாள்.

"விஜி, ஒங்கப்பா கேக்காம எடுக்கலடி. கேட்டுட்டுத்தான் எடுத்தாக."

"யார்ட்டம்மா கேட்டாக?"

நாகவள்ளி வைரவனைப் பார்த்தாள். போனை அவன் கையில் கொடுத்தாள்.