மிச்சச் சோறு

கங்கம்மாள் சாம்பார் அண்டாவுக்குள் பாதி உடம்பை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தபோது ஆபீசிலிருந்து ஆள் வந்தது. ஆம்பூர் ஷூ கம்பெனி முழுவதற்கும் கேன்டீனில் சமைக்கிறவள் அவள். அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் கிளம்பினாள்.

எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்று தெரியும். முந்தின நாள் சாயங்காலம் தையல் செக்ஷன் பெண்கள் வரிசையாக வாந்தியெடுத்துச் சுருண்டு விழுந்தார்கள். பாதிப் பேர் இன்னும் ஆஸ்பத்திரியில். பழி கேன்டீன் மேல்.

"உன் சோத்தாலதான் இவ்ளோ பேஜாரு. நீ மட்டும் எப்டி கல்லு மாரி நிக்கற?" என்றார் மேனேஜர் இருதயராஜ்.

"நானும் அதே சோத்ததான் சார் சாப்ட்டேன். ஷூ வாங்கற பையர் வந்தாருன்னு நீங்க தையல் செக்ஷனுக்குக் குடுத்த க்ரீம் பன்னுதான் எனக்கு இல்லன்னுட்டாங்க. நான் காண்ட்ராக்ட் ஆளாம்."

வேலூரிலிருந்து உணவுச் சோதனைக்கு வந்திருந்த எழிலரசி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். ஆபீஸ் பிரிட்ஜில் மீந்திருந்த பன்னை ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தாள்.

"நேத்து சோறு கொஞ்சம் இருந்தா போதும்மா. முன்னல்லாம் கிருமிய வளத்துப் பாக்கவே நாள்கணக்காவும். இப்ப ஒரே ட்யூப்ல அஞ்சாறு கெட்ட கிருமியையும் ஒண்ணா தேடிடும் மெஷினு. நாளைக்கே சொல்லிடுவேன்."

"எல்லாத்தையும் கொட்டிக் கழுவியாச்சே மேடம்" என்றார் இருதயராஜ் அவசரமாக.

சோறு இருந்தது, கங்கம்மாள் வீட்டுப் பிரிட்ஜில். மீந்ததைக் குப்பையில் கொட்டினாலும் கொட்டலாம், ஒரு பருக்கை கேட்டைத் தாண்டக் கூடாது என்பது கம்பெனிச் சட்டம். அவளுக்கோ ராத்திரிச் சாப்பாடே அந்த மிச்சம்தான். சொன்னால் வேலைக்கு ஆபத்து. சொல்லாவிட்டால் இத்தனை பெண்களைப் படுக்கவைத்தவள் என்ற பேர் ஆயுசுக்கும் ஒட்டிக்கொள்ளும். அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"சோறும் சாம்பாரும் என் வூட்ல டப்பால இருக்கு. வாங்க மேடம், எடுத்துத் தர்றேன்."

மறுநாள் மத்தியானம் எழிலரசி ஆபீசில் உரக்கவே படித்தாள். சோறு, சாம்பார் இரண்டும் சுத்தம். பன்னில்தான் இரண்டு வகைக் கிருமி. சோதித்த டப்பாவைக் கழுவி, ஒட்டிய சீட்டோடு திருப்பிக் கொடுத்தாள். கங்கம்மாளுக்குத் தலை நிமிர்ந்தது. தேறி வந்திருந்த பெண்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

சாயங்காலம் இருதயராஜ் கூப்பிட்டனுப்பினார். பன்னைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

"நாளையிலேர்ந்து வர வேணாம்."

"என் சோத்துல ஒண்ணும் இல்லன்னுதான சார் வந்துச்சு?"

"கிருமி வேற, திருட்டு வேற. அந்தச் சோறு எப்டி வெளிய போச்சு?"

"குப்பைக்குப் போறதத்தான் சார் எடுத்தேன். என் சமையலுக்கு வேற அடுப்பா கெடைக்காது?" என்று சொல்லிவிட்டுக் கங்கம்மாள் விறுவிறுவென்று நடந்தாள்.

கேட்டில் வாட்ச்மேன் மஹபூப் பாஷா அவள் பையை ஒருநாளும் திறந்ததில்லை. இன்று கையை நீட்டினார்.

"மேல கேமரா இருக்குதும்மா. ஆர்டரு."

"நல்லா பாரு பாய்."

அவர் டப்பாவைத் திறந்தார். மூடியில் 'கிருமி இல்லை' என்ற சீட்டு இன்னும் ஒட்டியிருந்தது. அவள் முகத்தைப் பார்க்காமல், காலி டப்பாவைக் கேமராவுக்கு நேராகக் கவிழ்த்து, உள்ளங்கையில் தட்டிக் காட்டினார்.