ஒரு சைஸ் பெரிய ஷூ

தையற்காரிக்கு வாய் நீளம். அவள் புருஷன், குழாய் ரிப்பேர்காரர், அதற்கு நேர் எதிர். அவருக்கு வாய் இருப்பதே சாப்பிடும்போதுதான் தெரியும்.

நெஞ்சுவலி வந்தபோதுகூட வாயு என்று சொல்லிப் படுத்துக்கிடந்தார். அவள்தான் ஒற்றைக் காலில் நின்று ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். தொடை வழியாகக் கம்பி விட்டு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். சம்மதப் படிவத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டவளும் அவள்தான். மனுஷன் பிழைத்து எழுந்ததும், தான் மட்டும் இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். பெருமைதான், அதிலென்ன தப்பு?

இரண்டு வாரம் கழித்து அவர் கால்விரல்கள் நீலம் பாரித்தன, வலியில் நொண்டினார். அவள் கண்ணில் பட்டது அவருடைய புது ஷூ. கேட்க வேண்டுமா! அவரையும் கூட்டிக்கொண்டு போய்க் கடைக்காரரை உண்டு இல்லை என்று பண்ணிவிட்டாள். காலை அளக்கத் தெரியாதவருக்கு எதற்குக் கடை என்று கேட்டாள். ஆளை விட்டால் போதும் என்று கடைக்காரர் ஒரு சைஸ் பெரியதாக மாற்றிக் கொடுத்தார். புருஷன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாளிலிருந்து நொண்டாமல் நடந்தார். பார்த்தீர்களா, நான் சொன்னேனே என்றாள்.

அடுத்த மாதம் அவருக்கு முகம் வீங்கியது, சோறு பிடிக்கவில்லை. ரத்தம் எடுத்துப் பார்த்ததில் சிறுநீரகம் முக்கால்வாசி போயிருந்தது. சிறுநீரக டாக்டரம்மா ஷூவையும் சாக்ஸையும் கழற்றச் சொன்னார். விரல்களைப் பார்த்ததும் ஸ்டென்ட் என்றைக்கு வைத்தார்கள் என்று கேட்டார். பிறகு நிதானமாக விளக்கினார். கம்பி போன வழியில், பெரிய ரத்தக்குழாயின் சுவரில் படிந்திருந்த கொழுப்பு உதிர்ந்திருக்கிறது. அந்தத் தூள் ரத்தத்தோடு போய்ச் சிறுநீரகத்திலும் விரல்களிலும் அடைத்துக்கொண்டது. அபூர்வமாக நடக்கும். அதைக் கரைக்க மருந்து இல்லை.

தையற்காரி புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவரோ தலையாட்டினார்.

"பழைய பைப்புல கம்பி விட்டா துரு உதிரும். கடைசிக் குழாயிலதான் போய் அடைக்கும். விரலைப் பார்த்த அன்னைக்கே நினைச்சேன்."

வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றார் டாக்டரம்மா. அவர் தயங்கித் தயங்கிச் சட்டைப்பையிலிருந்து வலி மாத்திரை அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஒரு மாதமாகத் தினம் மூன்று. நொண்டாமல் நடந்த ரகசியம் அதுதான். அடிபட்ட சிறுநீரகத்தை இது இன்னும் கெடுத்திருக்கும், முன்பே வந்திருந்தால் இதையாவது நிறுத்தியிருப்பேன் என்று டாக்டரம்மா வருத்தப்பட்டார்.

"ஏங்க எங்கிட்ட சொல்லலை?"

"கையெழுத்துப் போட்டது நீ. தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவே. ஷூன்னே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

அவரை ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது அவளுக்கு. கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. பாவி மனுஷன், இப்படியா பாசம் வைப்பது?

அன்றைக்கே டயாலிசிஸ். கழுத்தில் குழாய் வைக்க வேண்டும் என்று நர்ஸ் படிவத்தை நீட்டினாள். உறவினர் கையெழுத்து என்ற இடத்தைப் பார்த்ததும் தையற்காரி கையை இழுத்துக்கொண்டாள்.

"போடு," என்றார் அவர். "அன்னைக்கு நீ போடலைன்னா இன்னைக்கு உங்கிட்ட திட்டு வாங்க நான் இருந்திருக்க மாட்டேன்."

இந்தத் தடவை அவள் எல்லா வரியையும் உரக்கப் படித்தாள். ஒவ்வொரு வரிக்கும் அவர் முகத்தைப் பார்த்தாள். அப்புறம்தான் கையெழுத்துப் போட்டாள்.

அவரை உள்ளே கொண்டுபோனபின் ஷூவைப் பையில் வைக்க எடுத்தாள். நுனியில் ஏதோ அடைத்திருந்தது. விரலை விட்டு இழுத்தாள், துணி வந்தது. எல்லாம் அவள் வெட்டிப்போட்ட துண்டுகள், ஷூ கழன்றுவிடாமலிருக்க அவர் திணித்து வைத்தவை. முதலில் வாங்கிய ஷூ அவருக்குச் சரியாகத்தான் இருந்திருக்கிறது.