மறு உத்தரவு வரும்வரை

உரிமை என்பது மனிதகுலம் கண்டெடுத்த மகத்தான தத்துவம்; தன் பெயரில் பதிவான வாசற்படியில் ஒருவன் நிற்கும்போது நாகரிகத்தின் முழு வரலாறும் அவனுக்குப் பின்னால் வந்து நிற்கிறது. ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர் இப்படித்தான் நினைத்துக்கொண்டு நின்றார். நின்றது அவருடைய சொந்த வீட்டு வாசலில். அழைப்பு மணியை இரண்டு தரம் அடித்தாயிற்று. இன்னும் யாரும் வந்து கதவைத் திறக்கவில்லை.

கடன் கட்டாதவரிடமிருந்து வங்கி கைப்பற்றி ஏலம் விட, அவர் எடுத்த வீடு அது. ஏல அறிவிப்பில் 'உள்ளது உள்ளபடி' என்று ஒரு வரி இருந்தது. அதன் கச்சிதத்தை ரசித்துத் தலையாட்டினாரே ஒழிய, உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. பழைய சொந்தக்காரரும் அவர் மனைவியும் இருந்தார்கள்.

ஒரு வழியாகக் கதவு திறந்தது. பழைய சொந்தக்காரர் பல்செட் செய்கிறவர். டாக்டர்கள் அளவெடுத்து அனுப்ப, பின்னறையில் உட்கார்ந்து அச்சு வார்த்துப் பல் கட்டிக் கொடுப்பார். முழங்கைவரை வெள்ளை அச்சு மாவு.

"வாங்க சார், உள்ள வாங்க. கூச்சப்படாதீங்க, உங்க வீடுதானே" என்றார்.

சொந்த வீட்டுக்குள் அழைக்கப்படுகிறவர் எப்படி நுழைய வேண்டும் என்று அலுவலகக் கையேடு எதிலும் இல்லை. தலைமை எழுத்தர் செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு, நாற்காலி நுனியில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்தார். பின்னறை அலமாரியிலிருந்து முப்பது நாற்பது பல்வரிசைகள் அவரைப் பார்த்துச் சிரித்தன.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் இருந்த வாடகை வீட்டை மாதக் கடைசிக்குள் காலி செய்தாக வேண்டும். வீட்டுக்காரரின் மகன் குடும்பத்தோடு வருகிறான். இன்னும் மூன்றே வாரம்.

"போய் நல்லபடியா பேசிட்டு வாங்க. கடுதாசி கிடுதாசி எதையும் நீட்டாதீங்க" என்று சொல்லித்தான் மனைவி அனுப்பியிருந்தாள். அவர் சட்டைப் பையிலிருந்து ஐந்து பத்தி, இரண்டு இணைப்போடு ஒரு நோட்டீஸை எடுத்து நீட்டினார். பல்செட்காரர் அதை மரியாதையாகப் படித்து, மடித்து வைத்துக்கொண்டு, இரண்டு நாள் தவணை கேட்டார்.

மூன்றாம் நாள் பல்செட்காரர் தலைமை எழுத்தரின் வாடகை வீட்டுக்கே ஒரு மனுவோடு வந்தார். வேறு இடம் கிடைக்கும்வரை தங்கியிருக்க அனுமதி கேட்கும் மனு. இடது பக்கம் இரண்டு விரல் இடம் விட்டு, பொருள், பார்வை, இணைப்பு எல்லாம் அதனதன் இடத்தில் உட்கார்ந்திருந்தன. முப்பத்தொரு வருஷ சர்வீசில் தலைமை எழுத்தர் இப்படியொரு மனுவைக் கண்டதில்லை. கை முந்திக்கொண்டது. விட்டிருந்த ஓரத்தில் 'மறு உத்தரவு வரும்வரை அனுமதிக்கப்படுகிறது' என்று எழுதி, இனிஷியல் போட்டு, தேதியும் போட்டார். தான் ஓய்வுபெற்றுவிட்டது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. அதற்குள் பல்செட்காரர் ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஜெராக்ஸ் கடைக்குப் போயிருந்தார்.

பல்செட்காரர் ஒழுங்காகக் கொண்டுவந்து கொடுத்த நகலை, தலைமை எழுத்தரின் வக்கீல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"நேத்துவரைக்கும் அவங்க அத்துமீறி உட்கார்ந்திருந்தாங்க. இன்னிக்கு உங்க அனுமதியோட உட்கார்ந்திருக்காங்க. இனிமே கோர்ட்டுக்குப் போனா வருஷக்கணக்கா இழுக்கும். இது நீங்க எழுதினதில்லேன்னு சொல்லிடலாமா?"

"எப்படி சார் சொல்றது? இனிஷியல் என்னோடதாச்சே" என்றார் தலைமை எழுத்தர். குரலில் கொஞ்சம் பெருமையும் ஒட்டிக்கொண்டிருந்தது.

  மறுநாள் காலை மனைவியே பல்செட்காரரைப் பார்க்கக் கிளம்பிப் போய், மதியம் புடவையெல்லாம் வெள்ளை மாவோடு திரும்பி வந்தாள். பேசிக்கொண்டே பல்செட்களைப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தாளாம். அவர்கள் ஒன்றும் வீம்புக்கு உட்கார்ந்திருக்கவில்லை. எட்டு வீடு பார்த்துவிட்டார்கள். போன இடமெல்லாம், முன்னால் எந்த வீட்டில் குடியிருந்தீர்கள், அந்த வீட்டுக்காரரிடம் ஒரு வரி எழுதி வாங்கி வாருங்கள் என்கிறார்கள். இருபத்திரண்டு வருஷம் சொந்த வீட்டில் இருந்தவர் வீட்டுக்காரருக்கு எங்கே போவார்? ஒன்பதாவது வீட்டில் கூடுதலாக ஒரு நிபந்தனை. அச்சு மாவு குழாயை அடைக்காது என்று எழுத்தில் வேண்டும்.

"இப்பத்தான் அவங்களுக்கு வீட்டுக்காரர்னு ஒருத்தர் இருக்காரே" என்றாள் மனைவி. "அனுமதி குடுத்து இனிஷியலும் போட்டிருக்கார். உட்கார்ந்து எழுதுங்க."

அவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பொய்த் தாள்களில் கையெழுத்துப் போட்டதே இல்லை என்று அவரால் சொல்ல முடியாது. ஆனால் அவையெல்லாம் மேலே இருந்தவர்கள் சொல்லிப் போட்டவை. உரிய படிவத்தில் இருந்தவை. தானே யோசித்து ஒரு பொய்யை எழுதுவது இதுதான் முதல் தடவை. மேஜைமேல் அந்த மனுவின் நகல் கிடந்தது. அவர் கண் அந்த ஓரத்துக்கே போய்க்கொண்டிருந்தது. இத்தனை ஒழுங்காக இடம் விட்டு எழுத, அந்த மனிதர் வங்கிக்கு எத்தனை மனு எழுதிப் பழகியிருக்க வேண்டும்? விட்ட இடத்தில் யாரும் ஒரு வரிகூட எழுதாமல் எத்தனை போயிருக்கும்? தன் மேஜையிலும் அப்படி ஓரம் வெறுமையாகக் கிடந்தவை சில இருந்தன. எத்தனை என்று எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டார்.

பிறகு எழுதினார். மேற்படி குடும்பத்தார் அமைதியானவர்கள் என்றும், அவர்கள் குடியிருந்த காலத்தில் கழிவுநீர்க் குழாய் ஒருநாளும் அடைத்ததில்லை என்றும் இதன்மூலம் சான்றளித்தார்.

மாதக் கடைசிக்கு நான்கு நாள் இருக்கும்போதே பல்செட்காரர் வீட்டைப் பெருக்கித் துடைத்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார். போகும்போது அவர் மனைவி சமையலறைச் சுவரை ஒரு தரம் உள்ளங்கையால் தொட்டுப் பார்த்ததை, தலைமை எழுத்தர் பார்க்காத மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் குழாயைத் திறந்துவிட்டதும் தண்ணீர் இறங்காமல் குளியலறையில் கணுக்கால்வரை ஏறியது. பிளம்பர் தரையைத் தோண்டி, கல்லாக இறுகிப்போன அச்சு மாவை மூன்று முழ நீளத்துக்கு உருவி எடுத்தார்.

"யாரு சார் இங்க இருந்தது? பிடிச்சுக் கேளுங்க, விடாதீங்க" என்றார்.

தலைமை எழுத்தர் யாரையும் பிடித்துக் கேட்கவில்லை. புதுக் குழாய் போட்டுத் தரை பூசுவதற்குள் மாதக் கடைசி வந்து, போயும் விட்டது. அதற்கு மேல் பதினொரு நாள் அவர் வாடகை வீட்டிலேயே இருந்தார். வீட்டுக்காரர் தினமும் காலையில் வந்து, எப்போது காலி செய்கிறீர்கள் என்று கேட்டார். அவர் குரல் வாசலில் கேட்டதும் தலைமை எழுத்தர் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார்.