மூன்று டப்பாக்களும் ஒரு பரிந்துரையும்

அனந்தலக்ஷ்மிக்கு டி.வி. மேல் அப்படியொன்றும் மோகம் கிடையாது. டெல்லி மயூர் விஹார் ஃப்ளாட்டில் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். வீட்டில் இன்னொரு குரல் கேட்க வேண்டும், அவ்வளவுதான். கணவர் போய் மூன்று வருஷமாகிறது. ஒரே பெண் மாதுரி புனேயில் தனியாக ரூம் எடுத்து வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு அவளிடமிருந்து ஃபோன் வரும். "சாப்டியா?" "சாப்டேன்." "மாத்திரை?" "போட்டுண்டேன்." நாலே நிமிஷத்தில் தாயும் மகளும் ஒருவரையொருவர் விசாரித்து முடித்துவிடுவார்கள்.

ஒரு ஞாயிறு அனந்தலக்ஷ்மி, கேபிளில் பாதித் தமிழ் சேனல் வருவதில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னாள்.

"கேபிளை கட் பண்ணும்மா. ஸ்ட்ரீமிங் டப்பா ஒண்ணு வாங்கிக்கோ. நம்ம பழைய டி.வி.லயே மாட்டிக்கலாம்."

"எந்த டப்பா?"

இந்த ஒரு கேள்விக்கு மாதுரி நாற்பது நிமிஷம் பதில் சொன்னாள். டி.வி.யின் முதுகில் செருகுகிற குச்சி ஒன்று. பக்கத்தில் தனியாக உட்காருகிற சதுர டப்பா ஒன்று. இன்டர்நெட்காரர்களே கொடுக்கிற பெரிய செட்டாப் பாக்ஸ் ஒன்று. ஒவ்வொன்றின் குணத்தையும் அவள் சம்பந்தம் பேசுகிற மாதிரி விவரித்தாள். நடுவில் இரண்டு தடவை சிரித்தாள்கூட. ஃபோனை வைத்தபோது அனந்தலக்ஷ்மிக்குக் காது சூடாக இருந்தது. மனசு நிறைந்திருந்தது.

மறுநாளே ஒரு சந்தேகத்தைக் கண்டுபிடித்தாள். "குச்சியைச் செருகினா சுவத்துல இடிக்குமோ?" மாதுரி வீடியோ கால் போட்டு, ஸ்கேல் வைத்து அளக்கச் சொன்னாள். செவ்வாய்க்கிழமை, ரிமோட்டுக்குத் தமிழ் புரியுமா என்ற கேள்வி. மாதுரி தன்னுடைய டெல்லித் தமிழில் புனே ரூமில் இருந்த ரிமோட்டிடம் பழைய படம் கேட்க, அது பூசணிக்காய் அல்வா செய்முறையைப் போட, இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். புதன்கிழமை, கரன்ட் போய் வந்தால் என்ன ஆகும்? வியாழக்கிழமை, மெமரி எவ்வளவு வேண்டும்? சொந்தச் சரக்கு தீர்ந்ததும் அனந்தலக்ஷ்மி தன் ஆபீஸில் பக்கத்து சீட் சுஷ்மாவிடம் சந்தேகம் கேட்டு வாங்கி வந்தாள். டப்பா வாங்குகிற எண்ணமே அவளுக்கு இல்லை. பேச்சு ஓட வேண்டும், அதுதான் வேண்டியிருந்தது.

பத்தாம் நாள் சுஷ்மாவும் கையை விரித்துவிட்டாள். அப்போதுதான் அனந்தலக்ஷ்மிக்கு அந்த யோசனை வந்தது. மத்திய சர்க்காரில் ஒரு அமைச்சகத்தின் கொள்முதல் பிரிவில் முப்பத்தோரு வருஷமாக அவள் செய்துவருகிற வேலையே மூன்று பொருள்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி அட்டவணை போடுவதுதான். பதினாலு வரியில் ஒன்று போட்டு அனுப்பினால், ஒரு நாளைக்கு ஒரு வரி வீதம் இரண்டு வாரம் மகளோடு பேசலாமே!

சனிக்கிழமை காலை உட்கார்ந்து, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, குண்டு குண்டு எழுத்தில் எழுதினாள். பிரமாதமாக வந்தது. பதினாலாவது வரி முடிந்ததும் கை நின்றிருக்க வேண்டும். எங்கே நின்றது? அட்டவணைக்குக் கீழே பரிந்துரை இல்லாவிட்டால் மேலதிகாரி தாளைத் தூக்கி எறிவார் என்று பழகிப்போன கை. "இரண்டாவது டப்பா எல்லா வகையிலும் ஏற்றது. வாங்கலாம்" என்று எழுதிக் கையெழுத்தும் தேதியும் போட்டுவிட்டது. அவளும் அதே ஜோரில் ஃபோட்டோ எடுத்து அனுப்பிவிட்டாள்.

மூன்று நிமிஷத்தில் பதில் வந்தது. "சூப்பர்மா! ஆர்டர் போட்டாச்சு."

அமைச்சகமாக இருந்தால் மூன்று மாதம் இழுத்திருக்கும். அனந்தலக்ஷ்மி தலையில் அடித்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை டப்பா வந்தது. செருகியதும் படம் வந்தது. படுபாவி டப்பா, ஒரு தடவைகூட மக்கர் பண்ணவில்லை. அடுத்த ஞாயிறு ஃபோன் நாலு நிமிஷம். அதற்கடுத்த ஞாயிறு அதுவும் இல்லை. மாதுரிக்கு ஏதோ அவசர வேலை.

புதன்கிழமை சாயங்காலம் பொறுக்க முடியாமல் இவளே கூப்பிட்டாள்.

"என்னம்மா? டப்பா வேலை செய்யலையா?" மாதுரியின் குரலில் பதற்றம்.

"செய்யறது."

"உடம்பு?"

"நன்னாத்தான் இருக்கேன். சும்மா கூப்டேன்."

"அச்சா."

அதற்குமேல் இருவருக்கும் ஒன்றும் அகப்படவில்லை. பெற்ற பெண்ணோடு பேச ஒரு காரணம் வேண்டியிருக்கிறதே என்று நினைத்தபோது அனந்தலக்ஷ்மிக்கு அழுகை வந்தது. அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்து ஓய்ந்தது.

"சரி, வெச்சுடட்டுமா?" என்றாள்.

"இரும்மா, வெக்காதே." மாதுரி அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது. "இங்க எனக்கும் பேச யாரும் இல்ல. ஆபீஸ், ரூம், ஆபீஸ். டப்பா விஷயம் ஓடிண்டிருந்தப்போ, ஈவினிங் நீ என்ன கேப்பேன்னு காத்துண்டிருப்பேன். நான்கூட ரெண்டு மூணு டவுட் எடுத்து வெச்சிருந்தேன். நீ ஏம்மா அவ்ளோ ஜல்தி முடிவு எழுதிட்டே?"

அனந்தலக்ஷ்மி ஃபோனைக் காதோடு அழுத்திப் பிடித்தபடி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.