சிவப்பு அட்டைக்குப் பிறகு

எங்கள் பேச்சு மன்றத்தில் ஒருவரின் வாயை மூட வைக்க மரியாதையான வழி ஒன்று உண்டு. நேரம் நெருங்கும்போது மஞ்சள் அட்டை, முடிந்ததும் சிவப்பு அட்டை. அதற்குமேலும் பேச்சு ஓடினால் எல்லோரும் சேர்ந்து கை தட்டுவோம், பேசுகிறவர் உட்காரும்வரை. வெளியாள் பார்த்தால் பாராட்டு என்று நினைப்பார். உள்ளே இருப்பவர்களுக்குத்தான் தெரியும், கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறை அது என்று.

அட்டை காட்டுவதும் முதல் தட்டைத் தட்டுவதும் என் பொறுப்பு. எனக்குத் தொழில் பூட்டு ரிப்பேர். மேடை ஏறினால் நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்பதால், மன்றத்தில் சேர்ந்த அன்றே கடிகாரத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். இதில் எனக்குத் தயவு தாட்சண்யம் கிடையாது. மன்றத் தலைவரான பல் டாக்டரையே தட்டி உட்கார வைத்திருக்கிறேன். ஊரார் வாயையெல்லாம் திறக்கச் சொல்லும் மனிதர், என் கையைப் பார்த்ததும் தன் வாயை மூடிவிடுவார்.

அந்த மன்றத்துக்குத்தான் என் மனைவி வந்து சேர்ந்தாள். அவள் திரைச்சீலை தைப்பவள். பேச்சுக் கலை வளர்க்கும் ஆசையெல்லாம் அவளுக்கு இல்லை. வீட்டில் அது ஏற்கனவே வேண்டிய மட்டும் வளர்ந்துதான் கிடக்கிறது.

விஷயம் இதுதான். ஒரு நாள் விட்டு ஒரு நாள் நான் டயாலிசிஸ் நிலையத்துக்குப் போகிறேன். வாசலிலேயே பஸ் நிறுத்தம். ரத்தத்தைச் சுத்தம் செய்து அனுப்பும்போது கால் என் காலாகவே இருக்காது. அவள் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து பெஞ்சில் விழுந்தால், பஸ் வரும். அந்த நிறுத்தத்தை மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் மாற்றப்போவதாக ஒரு நாள் பலகை வைத்துவிட்டார்கள். ஆட்சேபணை இருந்தால் நகராட்சியின் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் வந்து சொல்லலாமாம்.

"நீங்க போய்ப் பேசுவீங்களா?" என்று கேட்டாள்.

நான் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தேன்.

"தெரியும். அதான் நானே பேசக் கத்துக்கப் போறேன்."

மன்றம் நூலகத்தின் மாடி அறையில் கூடும். அவள் முதல் பேச்சு, தன் தையல் மெஷினைப் பற்றி. சின்ன அத்தையின் நிச்சயதார்த்தத்தில் ஆரம்பித்தாள். நிச்சயத்துக்கு வந்தவர்கள் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் சிவப்பு அட்டை வந்துவிட்டது. மெஷின் கதைக்குள் வரவே இல்லை. நான் தட்டினேன், எல்லோரும் தட்டினார்கள், பாதி வாக்கியத்தில் உட்கார்ந்தாள். அடுத்த கூட்டத்திலும் அதே கதி. அதற்கடுத்த கூட்டத்திலும். ஒரு பேச்சைக்கூட அவள் முடித்ததே இல்லை.

"முடிவை முதல்ல தயார் பண்ணிடுங்கம்மா. அப்புறம் ஆரம்பத்தை யோசிங்க" என்றார் பல் டாக்டர்.

"முடிவு எனக்கு நல்லாத் தெரியும் டாக்டர். அங்க போய்ச் சேரத்தான் இவர் விடமாட்டேங்கிறார்."

பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பும்போது அவள் என்னோடு பேசவில்லை. அவள் பேசாமல் வருவது எனக்குத்தான் தண்டனை. "சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதானே" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கருத்துக் கேட்பு நாளும் வந்தது. பெரிய மண்டபம். மேடையில் நகராட்சிப் பொறியாளர் அம்மா, இரண்டு பக்கமும் அதிகாரிகள். ஆளுக்கு மூன்று நிமிடம் என்று அறிவித்தார்கள். துணைக்கு வந்திருந்த எங்கள் மன்றத்தார் மூன்றாவது வரிசையை நிரப்பியிருந்தார்கள். ஓரத்தில் நான். அவள் பேசாவிட்டால் நிறுத்தம் போய்விடும் என்பது எனக்குத் தெரியும். அவளால் மூன்று நிமிடத்தில் முடிக்க முடியாது என்பதும் தெரியும்.

ஒலிபெருக்கி முன்னால் வந்து நின்றாள். எங்கிருந்து ஆரம்பித்தாள் தெரியுமா? எங்கள் கல்யாணத்தன்று நான் பஸ்ஸைத் தவறவிட்டு ஓடி வந்த கதையிலிருந்து. மண்டபம் சிரித்தது. நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். ஓட்டத்திலிருந்து என் பூட்டுக் கடைக்கு வந்தாள், கடையிலிருந்து என் சிறுநீரகத்துக்கு வந்தாள், ஊசி குத்தும் நர்ஸின் நல்ல மனதுக்கு வந்தாள். அதிகாரிகளே குனிந்து எழுதுவதை விட்டுவிட்டு அவளைப் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். நர்ஸைத் தாண்டி நிறுத்தத்தை நோக்கி அவள் திரும்பிய நேரத்தில் மூன்று நிமிடம் முடிந்தது.

சத்தியமாகச் சொல்கிறேன், நான் நினைத்துச் செய்யவில்லை. கை தன் பாட்டுக்குத் தட்டிவிட்டது.

பழக்கதோஷம், மூன்றாவது வரிசை முழுக்கத் தட்டியது. பல் டாக்டர்தான் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார். பேச்சு பிரமாதமாக முடிந்துவிட்டது என்று நினைத்து மண்டபமே சேர்ந்துகொண்டது. எனக்கு உயிரே போய்விட்டது. பாவி, கட்டிய பெண்டாட்டியின் வாயை நானே அடைத்துவிட்டேன். இனி உட்கார்ந்துவிடுவாள்.

அவள் உட்காரவில்லை.

ஒலிபெருக்கியைப் பிடித்தபடி, என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். குழம்பு தீய்ந்த அன்று பார்க்கும் பார்வை. கைதட்டல் ஓயட்டும் என்று காத்திருந்தாள். அது ஓய்ந்தது. பிறகு பேசினாள்.

"முதல்ல கை தட்டினாரே, அவர்தான் என் வீட்டுக்காரர். எனக்கு நேரம் முடிஞ்சு போச்சுன்னு சொல்றார். இன்னிக்கு அவருக்கு மருத்துவம் இல்லாத நாள், அதனால தட்ட முடியுது. நாளைக்கு அந்த நிலையத்தை விட்டு வெளிய வரும்போது இந்தக் கையைத் தூக்கக்கூட அவருக்குத் தெம்பு இருக்காது. அந்த நேரத்துல மேம்பாலத்தைத் தாண்டி நடன்னு சொல்றீங்க. அவரால முடியாது. அவரை மாதிரி அங்க வர்ற யாராலயும் முடியாது. பஸ் இப்ப நிக்கிற இடத்துலயே நிக்கட்டும். நான் பேசி முடிச்சிட்டேன்."

முடித்துவிட்டாள். முதன்முறையாக ஒரு பேச்சை முழுசாக முடித்துவிட்டாள்.

யாரும் தட்டவில்லை. கண்ணீர் என் கண்ணை மறைத்தது. பொறியாளர் அம்மா பக்கத்து அதிகாரியிடம் ஏதோ கேட்டார். மாற்ற அவசியமில்லை என்பதுபோல அவர் உதட்டைப் பிதுக்கினார். பொறியாளர் ஒலிபெருக்கியைத் தன் பக்கம் இழுத்தார்.

"டயாலிசிஸ் நிலைய நிறுத்தம் மாறாது. பலகையை எடுத்துடச் சொல்றேன்" என்றார்.

அப்போது எழுந்தது பாருங்கள், அதுதான் கைதட்டல். பின்வரிசைக்காரர்கள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்கள். நானும் எழுந்து நின்று, உள்ளங்கை எரிய எரியத் தட்டினேன். இந்த மகராசி என் பெண்டாட்டி என்று ஒவ்வொருவரிடமும் போய்ச் சொல்ல வேண்டும் போலிருந்தது. அதற்கு அவசியமில்லாமல் அவளே சொல்லிவிட்டிருந்தாள்.

மறுநாள் சிகிச்சை முடிந்து வழக்கம்போல அவள் தோளில் சாய்ந்து வெளியே வந்தேன். பலகை இருந்த இடத்தில் இரண்டு குழி மட்டும் இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்ததும், பக்கத்தில் இருந்த ஒரு பெரியவரிடம் நேற்றைய வெற்றியைச் சொல்லத் தொடங்கினாள். எங்கள் கல்யாண நாளிலிருந்துதான். பஸ் வந்து எங்கள் காலடியில் நின்று கதவைத் திறந்தது. கதை இன்னும் என் கடைக்கே வந்து சேரவில்லை.

"ஏறி உக்காந்து மீதியைச் சொல்லு" என்றேன்.