வில்பர்ட் நடித்த படம்

அந்தப் படம் ஆகன் நகரத் தியேட்டரில் ஒரு வாரம்தான் ஓடியது. ஓடியது என்பதே அதிகம், ஈ ஓட்டினார்கள். எனக்கென்ன? கதை பார்க்கவா போனேன்? அதில் என் புருஷன் வில்பர்ட் இருந்தான்.

எங்கள் ஊர்க் காட்டைத் தாண்டினால் பெல்ஜியம். போருக்குப் பிறகு காபிக்கொட்டைக்கு இங்கே ஜெர்மனியில் போட்ட வரியில் பாதி ஊர் கடத்தலில் இறங்கியது. அதை வைத்துப் படமெடுக்க ஹாம்பர்க்கிலிருந்து ஒரு கூட்டம் வந்தது. மூட்டை தூக்கி நடக்க உள்ளூர் ஆட்களையே கூப்பிட்டார்கள். வில்பர்ட்டும் போனான். அடுத்த மாதமே நிஜ மூட்டையோடு எல்லை ஆற்றில் இறங்கியவனை வெள்ளம் கொண்டுபோய்விட்டது.

கல்யாணப் போட்டோ போரில் வீட்டோடு எரிந்திருந்தது. கரை ஒதுங்கியவன் சட்டைப்பையில் கிடைத்த அடையாள அட்டையில் முகமே இல்லை, தண்ணீர் கரைத்திருந்தது. வருஷம் திரும்புவதற்குள் அவன் முகம் எனக்கு மங்கத் தொடங்கியது. மூக்கு நினைவுக்கு வந்தால் கண் வராது. பாவி, புருஷன் முகத்தை மறப்பேனா? இதை யாரிடம் சொல்லி அழ?

படம் பார்க்கப் பக்கத்து வீட்டு ஃபீனா துணைக்கு வந்தாள்.

"ஏன்டி, துக்கத்துக்குக் கறுப்பு உடுத்துற வருஷமே முடியல, அதுக்குள்ள உதட்டுச் சாயமா?"

"என் புருஷனப் பாக்கப் போறேன். உனக்கென்னடி வலிக்குது?"

படத்தில் கடத்தல்காரனுக்குப் பளபளக்கும் பூட்ஸாம். த்தூ! சத்தம் கேட்காமலிருக்க எங்கள் ஆட்கள் காலில் சாக்கைச் சுற்றுவார்கள்.

பிறகு காட்டுக் காட்சி. ஐந்து பேர் மூட்டையோடு வரிசையாக வந்தார்கள். கடைசி ஆள் அவன்தான். தோளைச் சாய்த்து நடக்கும் அதே நடை. ஐயோ, நான் எழுந்தே நின்றுவிட்டேன். பக்கத்திலிருந்து பெரிய விளக்கு அவர்கள்மேல் விழுந்தது. மற்ற நாலு பேரும் கல்யாணத்துக்கு வந்தவர்கள் மாதிரி இளித்தார்கள். வில்பர்ட் மட்டும் சட்டென்று தொப்பியை இழுத்துவிட்டு முகத்தை மூட்டைக்குள் புதைத்துக்கொண்டான். சுங்கக்காரன் விளக்கடித்தால் செய்வதை அப்படியே செய்தான்.

"திரும்பு மனுஷா! அது சினிமா வெளக்கு! உன்னப் பிடிக்க யாரும் வரல!"

"யாரும்மா அது? உக்காருங்க!" என்று பின்னாலிருந்து ஒருவன் அதட்டினான்.

ஃபீனா என் கையைப் பிடித்தாள். "வாடி, போயிரலாம்."

"நீ போ. மறுபடி போடுவாங்கல்ல, இருந்து பாத்துட்டு வரேன்."

அடுத்த காட்சிக்கு நான் ஒருத்திதான். இந்தத் தடவை கத்தவில்லை. வில்பர்ட் என்று மெதுவாகக் கூப்பிட்டேன். அவன் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டான்.